உள்ளங்கைக்குள் ஒரு மாநிலம்: நினைவு நாணயத்தில் எது ஏறுகிறது, எது ஏறாமல் போகிறது

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்கென்று 2000ஆம் ஆண்டில் ஒரு கால் டாலர் நாணயம் வந்தது. அதன் பூப்பக்கத்தை வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தால் ஒரு செங்குத்தான பாறை தெரியும். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதே பாறை நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று ஒரு கிழவரின் பக்கவாட்டு முகமாக மாறிவிடும். கூடவே ஒன்பது நட்சத்திரங்கள், ஏனென்றால் அமெரிக்க அரசமைப்பை ஏற்றுக்கொண்ட ஒன்பதாவது மாநிலம் அது. 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்ற மாநிலத்தின் முழக்கமும் உண்டு. 'மலைக் கிழவர்' என்று அந்த ஊர்க்காரர்கள் கூப்பிட்ட இந்தப் பாறைமுகம் 1945லிருந்தே மாநிலத்தின் அதிகாரபூர்வச் சின்னம். சங்கிலி கட்டி, இரும்புக் கம்பி செருகி, சிமென்ட் பூசி எத்தனையோ ஆண்டு தாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். 2003 மே 3ஆம் தேதி அதிகாலையில் மொத்தமாகச் சரிந்து விழுந்துவிட்டது. நாணயம் வந்து மூன்றே ஆண்டு.

இன்றைக்கு அந்த முகம் மலையில் கிடையாது, காசில் இருக்கிறது. கோடிக்கணக்கான சட்டைப்பைகளில் உரசி உரசித் தேய்ந்துகொண்டே இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஒரு மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ நகரத்துக்கோ வெளியிட்ட நாணயம் எது கைக்கு வந்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். இந்தப் படத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்களுக்கு வேறு எதுவுமே இல்லையா? தேடித்தேடிப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நாணயத்தில் இருக்கும் படத்தை அந்த நிலத்தின் உருவப்படம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் அது பெரும்பாலும் ஒரு பேச்சுவார்த்தையின் முடிவு. அந்த மக்கள் தங்களுக்குள் சண்டை வராமல் ஒப்புக்கொண்டது, மத்திய அரசு ஆட்சேபிக்காமல் விட்டது, பக்கத்து ஊர்க்காரர் 'அது எங்களுடையது' என்று உரிமை கோராதது. இந்த மூன்று சல்லடையிலும் தப்பி வந்ததுதான் உலோகத்தில் ஏறுகிறது. அதனால் ஏறாமல் போனதையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த நாணயத்தையும் முழுசாகப் படிக்க முடியாது.

முதலில் இடப்பிரச்சினை. கால் டாலர் நாணயத்தின் விட்டம் 24.26 மில்லிமீட்டர், இரண்டு யூரோ நாணயம் 25.75 மில்லிமீட்டர். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அவ்வளவுதான். அதிலும் ஓரத்தில் எழுத்துகளுக்கு இடம் போய்விடும். படம் புடைத்து நிற்கும் உயரமோ மில்லிமீட்டரில் ஒரு பங்கு. அதற்குமேல் உயர்த்தினால் நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அடுக்கி நிற்காது, அச்சும் சீக்கிரம் தேய்ந்துபோகும். வண்ணமும் கிடையாது, வெளிச்சமும் நிழலும்தான் படத்தைக் காட்ட வேண்டும். ஆகவே ஒரு சமவெளியைக் காட்டுவது கஷ்டம், ஒரு கோபுரத்தைக் காட்டுவது சுலபம். கூட்டத்தைக் காட்டுவது கஷ்டம், ஒற்றைப் பறவையைக் காட்டுவது சுலபம். ஒரு மொழியின் ஓசையையும் மண்ணின் வாசனையையும் காட்டவே முடியாது. மலையும் கோட்டையும் மரமும் விலங்கும் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த வட்டம் ஒரு பெரிய காரணம்.

அப்புறம் சட்டம். அமெரிக்காவின் 50 மாநில நாணயத் திட்டம் 1999இல் தொடங்கி 2008இல் முடிந்தது. ஆண்டுக்கு ஐந்து மாநிலம், ஒன்றியத்தில் சேர்ந்த வரிசைப்படி. டெலவேரில் தொடங்கி ஹவாயில் முடிந்தது. கனடா 1992இல் தன் மாகாணங்களுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் மாதம் ஒன்றாக 12 நாணயம் வெளியிட்டதுதான் இதற்கு முன்மாதிரி. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: உயிரோடு இருப்பவர் யாரையும் காட்டக்கூடாது, இறந்தவராக இருந்தாலும் தலையும் தோளும் மட்டும் கொண்ட மார்பளவு உருவம் கூடாது. அலபாமா மாநிலம் ஹெலன் கெல்லரைத்தான் காட்டுவது என்று தீர்மானித்தபோது அவரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முழு உருவமாக வடித்தார்கள். 2003இல் வந்த அந்த நாணயத்தில் அவர் பெயர் ஆங்கில எழுத்தில் ஒருமுறையும் பிரெயில் புள்ளிகளில் ஒருமுறையும் இருக்கிறது. புழக்கத்துக்கு வந்த அமெரிக்க நாணயத்தில் பிரெயில் ஏறியது அதுதான் முதல் தடவை. தலைவர்களும் தளபதிகளும் கிடைக்காமலா இருந்திருப்பார்கள்? அவர்களையெல்லாம் விட்டுவிட்டுப் பார்வையும் செவியும் இல்லாத ஒரு பெண்ணைத் தன் முகமாக முன்னே நிறுத்திய அந்த முடிவை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

எதையும் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் வரைபடத்துக்குப் போவார்கள். அந்த 50இல் எத்தனையோ நாணயங்களில் மாநிலத்தின் எல்லைக்கோடு இருக்கிறது. எல்லைக்கோடு எல்லோருக்கும் பொது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அது எதையும் சொல்லவும் சொல்லாது என்பது என் கருத்து. அதிலும் ஜார்ஜியா நாணயத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். நடுவில் ஒரு பீச் பழம், சுற்றிலும் மாநிலத்தின் எல்லைக்கோடு. அந்தக் கோட்டில் வடமேற்கு மூலையில் இருக்கும் டேட் மாவட்டம் விடுபட்டுப் போயிருக்கிறது. 'இதுதான் நாம்' என்று சொல்ல வந்த நாணயம் தன் மக்களில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், ஆனால் அந்த மாவட்டத்துக்காரர் அதைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று யோசித்தால் இது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. மிச்சிகன் மட்டும் விதிவிலக்கு. அங்கே கோடுதான் கதை. ஐந்து பேரேரிகளில் நான்கு சூழ்ந்து அந்த நிலத்தை வடித்திருக்கின்றன, நாணயத்திலும் ஏரிகளை வைத்துத்தான் மாநிலத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு வழி, நாலைந்து சின்னங்களை ஒன்றாகத் திணிப்பது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 2008இல் வந்த அரிசோனா நாணயம். மேலே உதயசூரியனோடு கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, கீழே கைகளை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளி. இரண்டும் அரிசோனாவுக்கே உரியவை, ஆனால் சகுவாரோ கள்ளி கிராண்ட் கேன்யனில் வளராது. சும்மா ஒரே காட்சியாக வரைந்திருந்தால் வெளியூர்க்காரர் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவே 'கிராண்ட் கேன்யன் மாநிலம்' என்ற வாசகத்தை ஒரு பட்டையாகக் குறுக்கே ஓடவிட்டு, 'இது வேறு இடம், அது வேறு இடம்' என்று பிரித்துவிட்டார்கள். ஒரு சின்னம் உண்மையாகவும் இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் அந்த மேசையில் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும்.

நாணயத்தில் ஊரைக் காட்டுவது ஒன்றும் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய கிரேக்க நகரங்கள் 2500 ஆண்டுகளுக்கு முன்பே இதில் கரைகண்டவை. சிலேடையாகவே சின்னம் வைத்தார்கள். ரோட்ஸ் தீவின் காசில் ரோஜா, ஏனென்றால் கிரேக்கத்தில் ரோஜாவுக்கு 'ரோடான்' என்று பெயர். போக்கேயா நகரக் காசில் கடல்நாய். அதன் பெயர் 'போகே'. சிசிலியில் இருந்த செலினஸ் நகரம் 'செலினான்' என்ற காட்டுக் கீரையின் இலையைப் போட்டது. எழுத்துப் படிக்கத் தெரியாத மாலுமியும் படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவான். ஏதென்ஸ் நகரத்துக்கு ஆந்தை. ஏஜினா தீவு கடலாமையைப் போட்டது, பிறகு ஒரு கட்டத்தில் அது நிலத்து ஆமையாக மாறிவிட்டது. அந்தத் தீவு ஏதென்ஸிடம் கடல் ஆதிக்கத்தைப் பறிகொடுத்ததுதான் காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. துடுப்புக் கால்கள் போய் நகம் உள்ள கால்கள் வந்தன, ஓடு கட்டம் கட்டமாக ஆனது. காரணம் அதுவேதான் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், ஒரு ஊரின் வீழ்ச்சியை ஒரு ஆமையின் கால்களில் தேடிப் பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

அதைவிட மனதைத் தொட்டது சைரீன். இன்றைய லிபியாவில் இருந்த கிரேக்க நகரம் அது. சில்பியம் என்ற ஒரு செடியை விற்றே செல்வம் சேர்த்தது. மருந்துக்கும் சமையலுக்கும் அந்தக் காலத்து மத்தியதரைக்கடல் நாடுகளெல்லாம் அதை வாங்கின. பயிரிட வராத காட்டுச் செடி என்பதால் இருந்ததையெல்லாம் வெட்டித் தீர்த்தார்கள். தன் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கிடைத்தது, அதை நீரோ மன்னனுக்கு அனுப்பிவைத்தார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தச் செடி எப்படி இருந்தது என்பதற்கு இன்றைக்கு நம்மிடம் உள்ள முக்கியமான சாட்சி சைரீன் காசுகள்தான்: தடித்த தண்டு, வரிவரியான கோடுகள், எதிரெதிராக விரிந்த இலைகள், உச்சியில் உருண்டையான பூங்கொத்து. நியூ ஹாம்ப்ஷயர் கிழவருக்கு நேர்ந்தது சில்பியத்துக்கு முன்பே நேர்ந்திருக்கிறது.

நம் பக்கத்துக் காசுகளிலும் இந்த மொழி நன்றாகவே பேசப்பட்டிருக்கிறது. பாண்டியனுக்குக் கயல், சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். சங்ககாலப் பாண்டியர் காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருக்கிறது, மறுபக்கம் மீன் குறியீடு. ஆயிரம் ஆண்டு தாண்டிச் சோழர் காசுக்கு வாருங்கள். உட்கார்ந்திருக்கும் புலி, அதன் எதிரே இரண்டு கயல், பக்கத்தில் ஒரு வில், மேலே குடை. மூன்று நாட்டுச் சின்னமும் ஒரே காசில்! ஒற்றுமையைக் காட்டும் படம் போலத் தோன்றும், ஆனால் குடைக்குக் கீழே கம்பீரமாக உட்கார்ந்திருப்பது புலி மட்டும்தான். பாண்டியனும் சேரனும் எனக்குக் கீழே என்று ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்ட காசு அது. அடுத்தவருடைய அடையாளத்தை என் நாணயத்தில் போடுவது மரியாதையாகவும் இருக்கலாம், வெற்றி முழக்கமாகவும் இருக்கலாம். எதை எங்கே வைக்கிறேன் என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சோழர் காசுகள் பலவற்றில் எழுத்து நாகரியில் இருக்கிறது. கல்வெட்டைத் தமிழில் வெட்டிய அரசு, காசில் வேறு எழுத்தைப் பொறித்திருக்கிறது. காசு எல்லை தாண்டிப் போகும், யாரெல்லாம் படிக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

எழுத்தே ஒரு சின்னம்தான், படத்தைவிடக் கூர்மையான சின்னம். சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள், தேசிய மொழிகள் நான்கு. நாணயத்தில் நாட்டின் பெயரை ஜெர்மன் மொழியில் போட்டால் பிரெஞ்சு பேசுபவருக்கு வருத்தம், பிரெஞ்சில் போட்டால் இத்தாலியருக்கு வருத்தம். அதனால் 'ஹெல்வெட்டியா' என்று லத்தீனில் போட்டுவிட்டார்கள். யாருடைய தாய்மொழியும் இல்லாத மொழி எல்லோருக்கும் சமதூரத்தில் நிற்கிறது. பிரிட்டனில் 1985இல் வேல்ஸுக்காக வந்த ஒரு பவுண்டு நாணயத்தின் முகத்தில் லீக் என்ற பூண்டுச்செடிதான் இருந்தது, ஆனால் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வேல்ஸ் மொழியில் அவர்களுடைய நாட்டுப்பண்ணின் ஒரு வரி ஓடும்: 'என் நாட்டுக்கு நான் உண்மையானவன்.' முகத்தில் இடம் கிடைக்காத மொழி விளிம்பில் இடம்பிடித்திருக்கிறது. விரலால் தடவினால்தான் தெரியும்.

இந்திய நாணயங்களில் வாசகங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். அப்படியிருக்க, 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வெளியான 5 ரூபாய் நாணயத்தில் தமிழ் வந்தது எப்படி? அவருடைய கையெழுத்தாக வந்தது. 2024 ஆகஸ்டில் வெளியான கருணாநிதி நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்ற சொற்கள் அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன. இரண்டிலும் தமிழ் எழுத்து வாசகம் என்ற கணக்கில் வரவில்லை, படத்தின் ஒரு பகுதியாக வந்திருக்கிறது. விதிக்குள்ளேயே நின்றுகொண்டு ஒரு மொழி உலோகத்தில் ஏறிய விதம் இது. அரசியலில் யார் எந்தப் பக்கம் இருந்தாலும், அந்த எழுத்தை நாணயத்தில் பார்க்கும் தமிழருக்கு ஒரு சின்னச் சிலிர்ப்பு வரத்தான் செய்யும், எனக்கு வந்தது.

சரி, சண்டைக்கு வருவோம். சண்டை வந்த இடங்களில்தான் சின்னத்தின் உண்மையான எடை தெரியும்.

ஸ்லோவேனியா 2007இல் யூரோவுக்கு மாறியபோது தன் 2 சென்ட் நாணயத்தில் 'இளவரசர் கல்' என்ற ஒன்றைப் போட்டது. பார்ப்பதற்கு அது தலைகீழாகக் கவிழ்த்த ஒரு ரோமானியத் தூணின் அடிப்பாகம், அவ்வளவுதான். ஆனால் இடைக்காலத்தில் கரந்தானியா என்ற சிற்றரசின் தலைவர்கள் அந்தக் கல்லை வைத்து, ஸ்லாவிய மொழியில் நடந்த சடங்கில்தான் பதவியேற்றார்கள். ஸ்லோவேனியர்களுக்கு அது தங்கள் மொழி ஆட்சிமொழியாக இருந்ததற்கான சாட்சி. சிக்கல் என்னவென்றால் அந்தக் கல் இருப்பது ஆஸ்திரியாவில், கரிந்தியா மாநிலத்தின் தலைநகர் கிளாகன்பர்ட்டில். கரிந்தியர்களுக்கும் அது தங்கள் மாநிலத்தின் வேர். அப்போது அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த யோர்க் ஹைடர் கடுமையாக எதிர்த்தார், கல்லை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் கொண்டுபோய் வைத்தார். நாணயத்திலேயே ஆகச் சின்ன நாணயங்களில் ஒன்று, அதற்கு இவ்வளவு. இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேதனை. எல்லைக்கோடு பின்னால் வந்தது, கல் முன்னாலேயே இருந்தது.

பெல்ஜியம் கதை வேறு மாதிரி. வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டுக்கு 2015இல் இரண்டு யூரோ நினைவு நாணயம் வெளியிட நினைத்தார்கள், போர் நடந்த மண் அவர்களுடையதுதானே. ஆனால் இரண்டு யூரோ நாணயம் யூரோ நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும். நெப்போலியன் தோற்ற நாளை நினைவுபடுத்தும் காசு பாரிஸ் கடைகளிலும் புழங்கும். பிரான்ஸ் எதிர்த்தது. அடித்து முடித்திருந்த ஏறக்குறைய 1,80,000 நாணயங்கள் வீணாயின. பெல்ஜியம் அதோடு விடவில்லை. இரண்டரை யூரோ என்று யாரும் கேள்விப்படாத மதிப்பில் ஒரு நாணயம் வெளியிட்டது. அது பெல்ஜியத்துக்குள் மட்டும்தான் செல்லும், ஆகவே அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

ஸ்லோவாக்கியா 2013இல் சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு புனிதர்களைப் போட்டபோது அவர்களுடைய தலைக்குப் பின்னாலுள்ள ஒளிவட்டத்தையும் ஆடையிலுள்ள சிலுவையையும் எடுத்துவிடும்படி ஐரோப்பிய ஒன்றியத் தரப்பிலிருந்து சொன்னார்கள். எடுத்துவிடலாம் என்று முதலில் இசைந்த ஸ்லோவாக்கிய மத்திய வங்கி, உள்ளூரில் மக்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்கியது. கடைசியில் ஒளிவட்டத்தோடுதான் நாணயம் வந்தது.

இப்படியெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே பயந்தால் என்ன ஆகும் என்பதற்கு யூரோ தாள்களைப் பாருங்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பாலங்கள், ஒரு காலகட்டத்தின் பாணியை மட்டும் காட்டும் கற்பனைப் பாலங்கள். சண்டை வரவில்லை, யாருக்கும் பாசமும் வரவில்லை. நெதர்லாந்தில் ஸ்பைக்கனிஸ்ஸே என்ற ஊர்க்காரர்கள் அந்த ஏழு பாலங்களையும் தங்கள் ஊரில் நிஜமாகவே கட்டிவைத்தார்கள். ஊரில்லாத படத்துக்கு ஒரு ஊர் கிடைத்தது.

அண்டை வீட்டுச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரே வீட்டுக்குள் இருக்கும் கேள்வி இன்னும் ஆழமானது. நாணயம் அடிக்கும் உரிமை மத்திய அரசுக்குத்தான். அப்படியென்றால் அந்தப் படத்தில் பேசுவது அந்த நிலமா, மத்திய அரசா? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு, அதாவது கொலம்பியா மாவட்டத்துக்கு, 2009இல் ஒரு கால் டாலர் கிடைத்தது. அங்கே குடியிருப்பவர்கள் மத்திய வரி கட்டுகிறார்கள், ஆனால் நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உரிமையுள்ள பிரதிநிதி அவர்களுக்கு இல்லை. அதனால் 'பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பு' என்ற வாசகத்தைப் போட வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் தங்களை அடையாளப்படுத்துவது அந்தக் குறைதான் என்று சொல்வார்கள். நாணயச்சாலை மறுத்துவிட்டது, சர்ச்சைக்குரியதாம். கடைசியில் அந்த ஊரில் பிறந்த ஜாஸ் இசைமேதை டியூக் எலிங்டன் பியானோ முன் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது, கீழே 'அனைவருக்கும் நீதி' என்ற வாசகம். எலிங்டன் அந்த இடத்துக்கு எல்லா விதத்திலும் தகுதியானவர். ஆனாலும் அந்த 'அனைவருக்கும்' என்ற சொல்லை நான் ஒவ்வொரு முறையும் நின்று படிக்கிறேன்.

ஹவாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது என்று சொல்ல வேண்டும். தீவுகளை ஒன்றாக்கிய முதலாம் கமேஹமேஹா மன்னர் கையை நீட்டி நிற்கிறார், எதிரே எட்டுத் தீவுகள், கூடவே ஹவாய் மொழியில் 'நிலத்தின் உயிர் நீதியால் நிலைக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி. குடியரசின் காசில் ஒரு மன்னர். ஒரு காலத்தில் தனி நாடாக இருந்தோம் என்பதை அந்தத் தீவுக்காரர்கள் அமெரிக்கப் பணத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

ஜெர்மனி 2006லிருந்து 2022வரை தன் 16 மாநிலங்களுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு யூரோ நாணயம் வெளியிட்டது. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும்: அத்தனையும் கட்டடங்கள். லூபெக் நகரின் கோட்டைவாயில், பிரேமன் நகரமன்றம், கொலோன் தேவாலயம், பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, டிரெஸ்டன் நகரின் ஸ்விங்கர் அரண்மனை. ஒரு ஆறு, ஒரு பறவை, ஒரு மனிதர் கிடையாது. பிரேமன் நகரமன்றத்தோடு நிற்கும் ரோலண்ட் என்ற பழங்கதை வீரனும் ஒரு கற்சிலைதான். இதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் அந்த மாநிலங்களின் வயது. நார்த் ரைன் வெஸ்ட்பாலியா என்ற மாநிலம் 1946இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் இரண்டு பகுதிகளை ஒட்டி உருவாக்கியது. ரைன்லாந்து பலாட்டினேட் அதே ஆண்டு பிரெஞ்சு நிர்வாகம் உருவாக்கியது. அவசரத்தில் கோடு போட்டு உண்டான மாநிலத்துக்குச் சொந்த நினைவு எங்கிருந்து வரும்? முதல் மாநிலம் 1248இல் கட்டத் தொடங்கிய கொலோன் தேவாலயத்தை எடுத்துக்கொண்டது, இரண்டாவது மாநிலம் டிரியர் நகரிலுள்ள ரோமானியர் காலத்துக் கருப்பு வாயிலை எடுத்துக்கொண்டது. மாநிலத்தைவிடச் சின்னம் நூற்றுக்கணக்கான ஆண்டு மூத்தது. 2023இல் தொடங்கிய இரண்டாம் சுற்றில் காற்று மாறி வீசுகிறது. ஹாம்பர்க் 2017இல் திறந்த புத்தம்புது இசையரங்கைப் போட்டது, அடுத்த ஆண்டு மெக்லன்பர்க் வோர்பொமர்ன் கடலோரச் சுண்ணப்பாறையைப் போட்டது, அதற்கடுத்த ஆண்டு சார்லாந்து தன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தைப் போட்டது.

வட அயர்லாந்தின் பவுண்டு நாணயங்களும் இப்படி மாறியபடியே வந்தவை. 1986இல் ஆளிச்செடி. ஆளி விதை நமக்குத் தெரியும், அந்தச் செடியின் நாரில்தான் லினன் துணி நெய்கிறார்கள், அந்த நெசவில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு பிரிவினரும் உழைத்தவர்கள். 1996இல் கெல்டிக் சிலுவை, 2006இல் நியூரி நகரத்து ரயில் பாலம், 2014இல் மறுபடியும் ஆளி, கூடவே ஷாம்ராக் இலை. கொடியைப் பற்றிப் பேசினாலே பிளவு வரும் நிலத்தில், ஒரு நீலப்பூச் செடிக்குத் திரும்பத் திரும்ப இடம் கிடைப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

எத்தனை நாணயம் அடித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், அதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. ரஷ்யா 2005லிருந்து தன் பிராந்தியங்களின் சின்னங்களோடு 10 ரூபிள் நாணயங்களை வெளியிட்டு வருகிறது, பலவற்றில் 1 கோடி வீதம். ஆனால் 2010இல் வந்த செச்சென் குடியரசு, யமால் நெனெட்ஸ் நாணயங்கள் தலா 1 லட்சம்தான், பெர்ம் 2 லட்சம். மூன்றும் சேகரிப்பாளர்களின் பெட்டிக்குப் போய்விட்டன, அங்கே குடியிருக்கும் சாதாரண மனிதர் கையில் அவர் ஊர்க் காசு புரள்வது அபூர்வம். சொந்த மக்களிடம் போய்ச் சேராத நாணயம் அவர்களுடைய அடையாளத்தை யாருக்குக் காட்டுகிறது?

சேகரிப்பாளருக்காகவே அடித்தாலும் மனசு வைத்துச் செய்யலாம் என்பதற்கு ஜப்பான் சாட்சி. உள்ளாட்சிச் சட்டத்தின் 60ஆம் ஆண்டை முன்னிட்டு 2008லிருந்து 2016வரை 47 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக நாணயம் வந்தது: 31.1 கிராம் சுத்த வெள்ளியில் வண்ணம் தீட்டிய 1000 யென் ஒன்று, இரட்டை உலோகத்தில் 500 யென் ஒன்று. கியோட்டோவுக்கு 'கெஞ்சி கதை' என்ற பழைய ஜப்பானிய இலக்கியத்தின் ஓவியச் சுருள். ஷிமானேக்கு, அதன் இவாமி சுரங்கத்து வெள்ளியில் ஒரு காலத்தில் அடித்த பழைய வெள்ளிக்கட்டிக் காசும் ஒரு பியோனிப் பூவும். வெள்ளி நாணயத்தில் வெள்ளிச் சுரங்கத்தின் நினைவு! நீகாட்டா மாவட்டத்தின் 500 யென்னில் யமகோஷி மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களும் வண்ணக் கெண்டைகளும். 2004 நிலநடுக்கத்தில் சிதைந்துபோன கிராமம் அது.

அதே நீகாட்டாவின் 1000 யென் நாணயத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். 2009இல் வந்தது. சாடோ தீவு, அதன் மேலே சிறகை விரித்த தோக்கி பறவை. வெள்ளை உடல், இறகின் உள்ளே இளஞ்சிவப்பு, சிவந்த முகம், கீழே வளைந்த நீண்ட அலகு. ஒரு காலத்தில் ஜப்பான் வயல்களில் எங்கும் பார்த்த பறவைதான். 1981இல் காட்டில் மிஞ்சியிருந்த ஐந்தையும் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஜப்பானில் பிறந்த கடைசித் தோக்கி 2003இல் செத்துப்போனது, மலைக் கிழவர் சரிந்த அதே ஆண்டு. சீனா கொடுத்த ஜோடியிலிருந்து வளர்த்தெடுத்த பத்துப் பறவைகளை 2008 செப்டம்பரில் சாடோவில் திறந்துவிட்டார்கள், அடுத்த ஆண்டே நாணயமும் வந்துவிட்டது. அந்த மாவட்டத்தில் பெருமைப்பட வேறு எத்தனையோ இருந்திருக்கும், அவர்கள் பிழைக்குமா பிழைக்காதா என்றே தெரியாத பத்துப் பறவைகளை நம்பி வெள்ளியில் பொறித்தார்கள். அப்போது அந்தக் காட்டில் ஒரு குஞ்சுகூடப் பொரிந்திருக்கவில்லை. 36 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வந்தது 2012 ஏப்ரலில்.